வரைபடமும் ஆவணமும்

நிலப்படத்தோடு வீடு, சாலை, வடிகால் முதலிய விவரங்களை இணைத்துக் காட்டும் கணினிமுறையே புவியியல் தகவல் அமைப்பு. சுற்றுச்சூழல் கொள்கைகளுக்கு உதவும் பொருட்டு, உறுப்பு நாடுகள் நிலத் தகவல்களைப் பொதுத் தரத்தில் பகிர ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நெறியாணை பிறப்பித்தது.

இம்முறை இன்று மும்பை தாராவியின் சந்துகளையும் எட்டியுள்ளது. மறுமேம்பாட்டுத் திட்டக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கியது. ட்ரோன், லைடார் கருவிகள் கொண்டு அளந்து, கட்டடங்களுக்குத் தனித்தனி எண் இடப்பட்டது.

எனினும், வீடு எங்குள்ளது என்பதையே வரைபடம் கூறும். எப்போதிருந்து உள்ளது என்பதைக் கூறாது. தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெற, தரைத்தளக் குடியிருப்பு 2000 ஜனவரி 1க்கு முற்பட்டதாக இருத்தல் வேண்டும். அதனை மெய்ப்பிப்பவை பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களே. அவற்றைப் பேணிக் காத்தல் நலம்.