என் பிள்ளை எங்கே?

மைசூரு தேவராஜா மார்க்கெட்டில் ஒரு அம்மா பூ விற்கிறார். எல்லோரும் அவரைப் பூக்காரம்மா என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரே மகன். வயது 22. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான்.

ஒரு திங்கட்கிழமை இரவு மகன் வீட்டுக்கு வரவில்லை. பத்து மணிக்கு அவனுடைய கூட்டாளி ஓடி வந்தான்.

"அம்மா, எட்டு மணிக்குக் கடைவீதியிலே அடிதடி. போலீஸ் ஜீப் வந்தது. நம்ம பையனையும் ஏத்திட்டுப் போயிட்டாங்க."

"எந்த ஸ்டேஷனுக்குப்பா?"

"தெரியலையே அம்மா."

பூக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் உள்ள ஒரு ஸ்டேஷனுக்குப் போனார். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றார்கள். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

அழுகைச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"பெரியம்மா, அழுதது போதும். முதல்ல எழுதுங்க. நீங்கதான் இப்போ எழுதக் கத்துக்கிட்டீங்களே!"

பூக்காரம்மா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்தார். பின்பக்கம் பென்சிலால் எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. ஆனாலும் எழுதி முடித்தார்.

மகன் பெயர். அப்பா பெயர். வயது 22. பிடித்த நாள் திங்கள். நேரம் இரவு 8 மணி. பிடித்த இடம். பார்த்தவர் பெயர்.

இந்தச் சின்னத் தாள் பிறகு பெரிய வேலை செய்தது. எப்படி என்று பார்ப்போம்.

கைது என்றால் எழுத்து உண்டு

ஒருவரைப் போலீஸ் கைது செய்தால் அதை எழுத்தில் வைக்க வேண்டும். இது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் புதிய குற்ற நடைமுறைச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அது சொல்வதைக் கேளுங்கள்.

கைது செய்யும்போதே கைதுக் குறிப்பு எழுத வேண்டும். இதை அரெஸ்ட் மெமோ என்பார்கள். குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். இது 36ஆம் பிரிவு.

கைதானவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். இது 48ஆம் பிரிவு.

ஒவ்வொரு மாவட்டத்திலும் போலீஸ் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைது விவரம் வைத்திருக்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும். கைதானவர் பெயர், முகவரி, என்ன குற்றச்சாட்டு என்பதை எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். இது 37ஆம் பிரிவு.

கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழிப்பயண நேரம் மட்டும் இதில் சேராது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்று சாக்குச் சொல்ல முடியாது. இது நம் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவிலேயே உள்ளது.

ஒன்றை மறக்கக் கூடாது. கைதானவர் எல்லோரும் குற்றவாளி அல்ல. குற்றம் செய்தாரா இல்லையா என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

இந்த விதிகள் எப்படி வந்தன?

இவை சும்மா வந்துவிடவில்லை. மைசூருக்கு மேற்கே மலை இறங்கினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் ராஜன் என்ற பொறியியல் மாணவர் படித்தார். அது நெருக்கடி நிலைக் காலம். 1976 மார்ச் 1 அன்று போலீஸ் அவரைக் கொண்டுபோனது. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஓர் ஆசிரியர். மகனைத் தேடி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். யாரும் சரியான பதில் சொல்லவில்லை. 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ் காவலில் இருந்தபோதே ராஜன் இறந்துபோனார் என்ற உண்மை அதன் பிறகுதான் வெளியே வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு 1986இல் மேற்கு வங்காளத்தில் டி.கே. பாசு என்பவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். காவலில் ஆட்கள் சாகிறார்கள் என்று பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டிக் காட்டினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டு அறையில் எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவைதான் பின்னால் சட்டத்திலும் சேர்ந்தன.

ஒரு கடிதம் என்ன செய்யும் என்று பார்த்தீர்களா?

பூக்காரம்மா தேடிய வழி

செவ்வாய்க்கிழமை காலை. பூக்காரம்மாவும் தையல்கார அக்காவும் கிளம்பினார்கள்.

"பெரியம்மா, நம்ம வீட்டுப் பக்கத்து ஸ்டேஷன்ல தேடினா போதாது. எந்த இடத்துல பிடிச்சாங்களோ, அந்த இடத்து ஸ்டேஷன்ல கேட்கணும்" என்றார் அக்கா.

மைசூரு நகரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். அவருடைய அலுவலகம் நஜர்பாத்தில் உள்ளது. நஞ்சன்கூடு, ஹுணசூர் போன்ற வெளியூர்களுக்கு மாவட்டப் போலீஸ். அதன் தலைவர் எஸ்.பி. எங்கே பிடித்தார்கள் என்று தெரிந்தால் எந்த அலுவலகத்தில் கேட்பது என்றும் தெரிந்துவிடும்.

இருவரும் கட்டுப்பாட்டு அறையில் விசாரித்தார்கள். மகன் பெயர் அப்போது பதிவாகவில்லை. பூக்காரம்மா முகம் வாடியது. அக்கா விடவில்லை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இந்த உதவி உண்டு. பெண்களுக்கும் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அங்கிருந்த வக்கீல் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். "ஆமாம், ஆள் இங்கேதான். இன்றைக்குக் காலை 11 மணிக்குக் கைது" என்று பதில் வந்தது.

பூக்காரம்மா இடுப்பில் செருகியிருந்த காலண்டர் தாளை எடுத்து நீட்டினார்.

"ஐயா, இன்னைக்குக் காலையில இல்லைங்க. நேத்து ராத்திரி எட்டு மணி. இதோ எழுதி வெச்சிருக்கேன். பார்த்த பையனும் வெளியே நிக்கிறான்."

வக்கீல் தாளைப் படித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, இது பெரிய விஷயம். இரவு 8 மணி என்றால் இன்று இரவு 8 மணிக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுவர வேண்டும். காலை 11 என்றால் நாளை வரை அங்கேயே வைத்திருப்பார்கள்."

வக்கீல் ஸ்டேஷனுக்கே போனார். அன்று மாலையே மகன் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டான். "உன்னை எப்போது பிடித்தார்கள்? யாராவது அடித்தார்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். தூரத்தில் நின்ற பூக்காரம்மா மகனைக் கண்ணாரப் பார்த்தார்.

கேட்டு வாங்க வேண்டிய எண்கள்

மாஜிஸ்திரேட் அவனை நீதிமன்றக் காவலில் வைக்கச் சொன்னார். அதாவது சிறைக்கு அனுப்பினார். இதை ரிமாண்டு என்பார்கள். "இனிமேல் ஆளைத் தேட வேண்டியதில்லை. எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும்" என்றார் வக்கீல். மூன்று எண்களைச் சொன்னார்.

முதலாவது, குற்ற எண். இது எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கும். எண்ணும் ஆண்டும் சேர்ந்திருக்கும். எஃப்.ஐ.ஆரைப் போலீஸ் கம்ப்யூட்டர் தளத்தில் போட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண்கள் மீதான பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளை மட்டும் போட மாட்டார்கள்.

இரண்டாவது, நீதிமன்ற வழக்கு எண். சி.என்.ஆர். எண் என்று ஒன்றும் உண்டு. அதில் எழுத்தும் எண்ணுமாக 16 இருக்கும். இ-கோர்ட்ஸ் என்ற அரசுச் செயலியில் இதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். செயலிக்குக் காசு இல்லை.

மூன்றாவது, சிறை எண். மைசூரு மத்திய சிறை அசோகா சாலையில் உள்ளது. நீதிமன்றத்தின் எழுத்து உத்தரவு இல்லாமல் சிறையில் ஒருவரைச் சேர்க்க மாட்டார்கள். சேர்க்கும்போது பெயர், அப்பா பெயர், ஊர், வழக்கு, உடல் அடையாளம், கையில் இருந்த பொருள் எல்லாம் பதிவேட்டில் ஏறும். விசாரணைக் கைதிக்கு யு.டி.பி. எண் ஒன்று கொடுப்பார்கள். பார்க்கப் போகும்போது இந்த எண்ணும் நம் அடையாள அட்டையும் வேண்டும். இ-முலாகாத் என்ற அரசுத் தளத்தில் முன்னாலேயே பதிந்தும் போகலாம்.

18 வயது ஆகாதவரை இந்தச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமமும் தனி இல்லமும் உண்டு. அதனால் பிள்ளையின் வயதுச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வியாழக்கிழமை பூக்காரம்மா சிறை வாசலில் நின்றார். பதிவேட்டை நீட்டிய காவலர், மைப் பெட்டியையும் நகர்த்தி வைத்தார்.

"வேண்டாங்க. பேனா குடுங்க" என்றார் பூக்காரம்மா.

சில நாளில் மகனுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தா தேதியையும் பூக்காரம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறார்.

நினைவில் வைப்போம்

1. யாரையாவது பிடித்துப் போனால் நாள், நேரம், இடம், பார்த்தவர் பெயரை உடனே எழுதுங்கள்.

2. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மைசூரில் தாள்கள் கன்னடத்தில் இருக்கும். கன்னடம் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

3. சில சிறு குற்றங்களுக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் பெறலாம். அது உரிமை. வக்கீலிடம் கேளுங்கள்.

4. "ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். விவரம் கேட்கக் காசு வேண்டாம்.

5. 24 மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையா? கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ மனு கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவியுடன் பெங்களூரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

பேசிப் பார்ப்போம்

பூக்காரம்மா நேரத்தை எழுதி வைக்காமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் வீடு எந்த ஸ்டேஷன் எல்லையில் வருகிறது? நீங்கள் வேலை செய்யும் இடம்?

எழுதிப் பழகுவோம்

போலீஸ் கமிஷனர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் பெயர் ............ . வயது ...... . ............ கிழமை, ...... மணிக்கு, ............ என்ற இடத்தில் போலீஸார் அவரைக் கூட்டிச் சென்றார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்கு இதுவரை தெரிவிக்கவில்லை. அவர் இருக்கும் இடத்தையும் குற்ற எண்ணையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்து ............
நாள் ............