கிணற்று நீரில் ரசாயனமா? மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்ணீரின் நிறம் மாறினாலோ, நன்றாகக் காய்த்த தென்னை திடீரென்று கருகினாலோ, நம் சந்தேகம் பக்கத்துத் தொழிற்சாலை மேல்தான் முதலில் விழும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நம்மிடம் கேட்கப்போவது ஆதாரம். அதை வரிசையாகத் திரட்டுவோம்.

அதற்கு முன், அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் நிறுத்திவிடுங்கள். கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். நைட்ரேட்டும் குரோமியமும் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும்.

எதைத் தேடுகிறோம்?

என்ன ரசாயனம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் என்றால் தோல் பதனிடும் உப்பும் குரோமியமும். திருப்பூர் என்றால் சாயப்பட்டறை உப்பு. நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவுநீர் தேங்கியே பாழானது. நைட்ரேட் அதிகமானால் உரம், மாட்டுத் தொழுவம், செப்டிக் டேங்க் மூன்றையும் பார்க்க வேண்டும். தருமபுரியில் புளோரைடு பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. அதற்கு யார் மீதும் வழக்குப் போட முடியாது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகள், லிட்டருக்கு மில்லிகிராமில்: டிடிஎஸ் எனப்படும் மொத்தக் கரைந்த உப்பு 500 (வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை), நைட்ரேட் 45, புளோரைடு 1 (அதிகபட்சம் 1.5), குரோமியம் 0.05.

வரைபடம் போடுவோம்

கிராம வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கி, கிணறு, போர்வெல், பட்டறை, குப்பைமேடு, பெட்ரோல் பங்க், கழிவுநீர் வாய்க்கால் எல்லாவற்றையும் குறிப்போம். ஊர்ப் பெரியவர்களிடம், மூடிப்போன ஆலைகளைப் பற்றித் தவறாமல் கேளுங்கள். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை மூடப்பட்ட பிறகும், அது விட்டுச்சென்ற சுமார் 1.5 லட்சம் டன் கழிவு நிலத்தடி நீரில் கசிந்துகொண்டிருந்தது. இன்று ஓடும் ஆலைகளை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுப்போம். காலையில், மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன், கயிற்றில் எடை கட்டி நீர்மட்டத்தின் ஆழத்தை அளப்போம். தரைமட்ட உயரத்திலிருந்து அதைக் கழித்தால் நீர்மட்டத்தின் உயரம் கிடைக்கும். நீர்மட்டம் உயர்ந்த கிணற்றின் பக்கமிருந்து தாழ்ந்த கிணற்றின் பக்கமாக நீர் நகர்கிறது. தரைமட்ட உயரத்துக்கு மொபைலை நம்பாதீர்கள், பல மீட்டர் தவறும். ஆட்டோ லெவல் என்ற உயரம் அளக்கும் கருவி வைத்திருக்கும் சர்வேயரை ஒருநாள் அழைத்துக்கொள்ளுங்கள்.

திசை தெரிந்ததும், சந்தேக இடத்துக்கு மேல்பக்கம் ஒரு கிணறு, கீழ்பக்கம் இரண்டு, மூன்று என்று தேர்வு செய்வோம். என் கணக்கில், ஒரே கிணற்றில் செய்யும் பத்துச் சோதனைகளைவிட மேல்பக்கக் கிணற்றில் செய்யும் ஒரு சோதனை மதிப்பு மிக்கது. அங்கேயும் அதே அளவு இருந்தால் நாம் தேடும் மூலம் வேறெங்கோ இருக்கிறது.

மாதிரி எடுப்பது எப்படி?

போர்வெல் என்றால் தேங்கிய நீர் வெளியேறும்வரை மோட்டாரை ஓடவிடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்புங்கள். குரோமியம் போன்ற உலோகச் சோதனைக்கு அமிலம் சேர்த்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். அதை மட்டும் அலசக்கூடாது. பெட்ரோல், டீசல் கசிவு என்றால் கண்ணாடி பாட்டில். இடம், தேதி, நேரம், கிணற்றின் ஆழம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுவது நல்லது.

எவ்வளவு செலவாகும்?

டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். உப்பு எங்கே கூடுகிறது என்று பார்க்க அது போதும், ஆனால் 0.05 மில்லிகிராம் குரோமியம் அதன் கண்ணில் படவே படாது. எல்லாக் கிணறுகளுக்கும் முதலில் பிஎச், டிடிஎஸ், குளோரைடு, நைட்ரேட், புளோரைடு மட்டும் பார்ப்போம். உலோகச் சோதனை, சந்தேகமான கிணற்றுக்கும் மேல்பக்கக் கிணற்றுக்கும் போதும். விலை கூடிய பூச்சிக்கொல்லிச் சோதனை கடைசியில்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். தனியார் ஆய்வகம் என்றால், ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியத்தின் (என்ஏபிஎல்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலை இயங்க வாரியம் தந்த இசைவாணை, ஆய்வறிக்கை ஆகியவற்றின் நகல்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எச்சரிக்கை

ஆலை வளாகத்துக்குள் நுழையாதீர்கள். பொது வாய்க்காலில் மாதிரி எடுங்கள், கூடவே ஒரு சாட்சி இருக்கட்டும். பாழுங்கிணற்றில் இறங்கவே கூடாது, விஷவாயு இருக்கலாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை; வெடிப்புகள் வழியாக நீர் ஓடுவதால் அடுத்தடுத்த போர்வெல்களிலேயே முடிவு மாறும். மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு சுற்றாவது சோதிப்போம்.

அறிக்கை கைக்கு வந்ததும்

கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்று வாங்குவோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் வலியுறுத்தியது. அதிகாரிகள் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாய அமர்வுக்குப் போகலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பொதுவாக, வழக்குக்குக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆகவே தண்ணீர் மாறியதைக் கவனித்த நாளை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.