நஞ்சு விழும் நேரத்துக்கும் ஒரு திட்டம்

பிரசவத் திட்டம் எழுதுகிறவர்கள் வலிக்கு என்ன செய்வது, கூட யார் இருப்பது என்றெல்லாம் எழுதுகிறார்கள். குழந்தை பிறந்த பின் நஞ்சு எப்படி விழ வேண்டும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தாய்க்கு ரத்தப்போக்கு ஆபத்து மிகுந்த நேரமே அதுதான். அதனால் எட்டாம் மாதத்திலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

சுகப்பிரசவத்தில் வழி இரண்டு. குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, கர்ப்பப்பை இறுகியதும் அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தொப்புள்கொடியை மெல்ல இழுத்து நஞ்சை எடுப்பது ஒன்று. அரசு மருத்துவமனைகளில் இதுவே வழக்கம். ஊசியும் இழுப்பும் இல்லாமல் தாயே முக்கி வெளியேற்றுவது இன்னொன்று; ஒரு மணி நேரம்வரை ஆகலாம்.

முதலில் உங்கள் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மருந்து ஏற்றி வலி வரவழைப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியைத் தேர்ந்தெடுங்கள். எதுவுமே இல்லையென்றாலும் நான் ஊசியையே சொல்வேன். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' தரும் கணக்கில், ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இழப்பவர்கள் ஊசி போட்டால் ஆயிரத்தில் 13 பேர், போடாவிட்டால் 29 பேர். ஊசியால் குமட்டல், வாந்தி சற்றுக் கூடும்.

கொடியிலுள்ள ரத்தம் குழந்தைக்குப் போகட்டும் என்றுதான் சிலர் ஊசி வேண்டாம் என்கிறார்கள். அதற்காக மறுக்கத் தேவையே இல்லை. ஊசி போட்ட பிறகும் கொடியை வெட்டாமல் காத்திருக்கலாம். ஒரு நிமிடத்துக்கு முன் கிளிப் போட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. துடிக்கும்போது தடித்து நீலமாக இருக்கும் கொடி, துடிப்பு அடங்கியதும் வெளுத்துத் துவண்டுவிடும். "ஊசி சம்மதம், கொடியைப் பொறுத்திருந்து வெட்டவும்" என்று திட்டத்தில் எழுதுங்கள்.

இயற்கை வழிதான் வேண்டுமென்றால், அவசரத்துக்கு ரத்தமும் மருத்துவரும் இருக்கும் இடமாகப் பாருங்கள். சிறுநீரைக் கழித்துவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள். திடீரென ரத்தம் கொட்டி, கொடி நீண்டு, வயிறு கெட்டியாகத் திரண்டால் நஞ்சு கழன்றுவிட்டது, அப்போது முக்குங்கள். கொடியை யாரும் இழுக்கக் கூடாது. "ரத்தம் அதிகம் போனாலோ, ஒரு மணி நேரம் கடந்தாலோ ஊசி போடலாம்" என்பதையும் எழுதி, உடன் வரும் அம்மாவிடமோ கணவரிடமோ ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.