பக்கத்தில் ஒரு கதிரை

ஊர்காவற்றுறை,
2024 ஆனி 9.

அன்பின் மருமகளுக்கு,

உன்ர மனுவைத் தம்பி நேற்றுப் பின்னேரம் கொண்டுவந்து தந்தான். மூன்று பக்கம், நாற்பத்தாறு கையெழுத்து, ஐந்து கைநாட்டு. கடைசியில் 'ஓய்வுபெற்ற மின் அத்தியட்சகர், இலங்கை மின்சார சபை' என்று எனக்கும் இடம் விட்டு, புள்ளிக்கோடு போட்டு வைத்திருக்கிறாய். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது பந்தியில் 'இந்தியப் பொறியியலாளர்கள் எமது தீவுகளில் காலடி வைக்க அனுமதியோம்' என்ற வரியிலே நின்றுவிட்டேன். தமிழில் பிழையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இஞ்சினியரிங் படித்த பிள்ளை இப்படி எழுதுவது சந்தோசம்தான். ஆனால் அந்த வரியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் பேனையை எடுக்க ஏலாது.

முதலில் உன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் பெரிய மின்கம்பி வரவில்லை. டீசல் வந்தால்தான் வெளிச்சம். கடல் கொந்தளித்துப் படகு நின்றால் பவர் ஹவுசில் எண்ணெய் அளக்கும் கோலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் கோலைப் பிடித்த கைதான் இதை எழுதுகிறது. சூரியனும் காற்றும் பற்றரியும் சேர்ந்த கலப்புத் திட்டம் இந்தத் தீவுகளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அது வந்த வழியைப் பார். ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் செய்வதாக இருந்தது. 2021 தையில் ஒரு சீனக் கொம்பனிக்கு என்று கொழும்பு முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஐம்பது கிலோமீற்றரில் சீனனா என்று டில்லி முகம் சுளித்தது. அந்த வருசம் மார்கழி தொடக்கத்திலேயே, 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை'யால் வேலை இடைநிறுத்தம் என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அடுத்த பங்குனியில் இந்தியாவுடன் உடன்படிக்கை. கடன் போய் 1 கோடி 10 லட்சம் டொலர் நன்கொடை வந்தது. இந்த வருசம் பங்குனி முதலாம் தேதி பெங்களூர்க் கொம்பனியோடு ஒப்பந்தம். இவ்வளவுக்குள்ளும் நயினாதீவு இறங்குதுறையில் நின்ற ஒரு சனத்தைக்கூட ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீனன் வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். உன் கோபத்தில் இந்தப் பகுதிக்கு நான் இப்போதே கையெழுத்து வைப்பேன்.

இனிப் பழைய கணக்கு.

உன் பூட்டன், அதாவது என்ர அப்பு, 1908இல் மலாயாவுக்குக் கப்பலேறியவர். இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்தில் இருந்த ஸ்பூனர் என்ற வெள்ளைக்காரன் அங்கே ரயில்வேக்குத் தலைவனாகப் போயிருந்த காலம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசும் கணக்கும் படித்த யாழ்ப்பாணத்துப் பெடியளுக்குக் கிளாக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், சேர்வேயர், டிரெசர் என்று வேலைகள் காத்திருந்தன. அப்பு இருபத்தாறு வருசம் ரயில்வேக் கந்தோரில் இருந்து, பென்ஷனோடு வந்து, நாற்சார் வீடு கட்டினார். உங்கள் வீட்டுச் சாமி அறையில் கிடக்கும் றங்குப்பெட்டி அவருடையது. அந்தப் பென்ஷனில்தான் என் அப்பா படித்தார், உன் அம்மாவுக்கும் சீதனக் காணி வந்தது.

அப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து மலாயாக் கதை சொல்லுவார். ஒரு கதையை மட்டும் சிரிக்காமல் சொல்லுவார். கந்தோரில் இடம் காலியானால் பெரிய துரை இவரைத்தான் கேட்பாராம், ஆள் இருக்கோ என்று. இவர் அன்றிரவே ஊருக்குக் கடிதம் போடுவாராம், மைத்துனனுக்கு, மச்சானின் தம்பிக்கு. அடுத்த கப்பலில் ஆள் வந்துவிடும். பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூடம் முடித்த மலாய்ப் பெடியள் வாசலில் நிற்பார்கள். 'அவங்கட நாட்டிலை அவங்களுக்கு ஒரு மேசை நாங்கள் விடேல்லை' என்பார். 1930களில் சம்பள வெட்டும் ஆட்குறைப்பும் வந்து, மலாயா மலாய்க்காரருக்கே என்ற குரல் பலத்தபோது, அப்புவுக்குக் கோபம் வரவில்லையாம். பயம்தான் வந்ததாம். தண்டவாளம் போட்டது நாங்கள், கணக்கெழுதியது நாங்கள், எங்களைப் போகச் சொல்ல இவன் ஆர் என்று மற்ற யாழ்ப்பாணத்தார் கொதித்தார்களாம்.

உன் மனுவில் நீ நிற்கும் இடம் அந்த வாசல். அது நியாயமான இடம்தான். நாங்கள் உள்ளே மேசையில் இருந்த ஆட்கள் என்பதையும் மறந்துவிடாதே, அவ்வளவுதான்.

என் கதை அதைவிடக் கேவலம். இதை உன் மாமிக்கும் முழுக்கச் சொன்னதில்லை.

1990 ஆவணியில் ஆமி வந்து தீவுப்பகுதி இடம்பெயர்ந்தது. இரண்டு வருசம் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு, சபையில் சம்பளமில்லாத லீவு போட்டு ஓமானுக்குப் போனேன். மஸ்கட்டுக்கு வெளியே ஒரு சப்ஸ்டேஷன். 1988 தொடக்கம் அந்த நாட்டில் ஓமான்மயம் என்று ஒரு கொள்கை இருந்தது. வெளியார் செய்யும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் பிள்ளைகளின் கைக்கு மாற்றுவது. எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, இருபது வயதுப் பெடியன் ஒருவனை இருத்தினார்கள். காலையில் பிளாஸ்கில் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவான். லைன் ட்ரிப் ஆனால், 'ஏன் உஸ்தாத்?' என்று கேட்பான். நான், 'லோட் கூடிப்போச்சு' என்று மட்டும் சொல்லுவேன். ரிலே செற்றிங் முழுக்க என் சேட்டுப் பொக்கற்றில் ஒரு சின்னக் கொப்பியில் இருந்தது. அவன் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துத்தான் அதை வெளியே எடுப்பேன். அவன் படித்துவிட்டால் நான் வீட்டுக்குப் போக வேண்டும். வவுனியாவில் வாடகை வீட்டில் மாமியும் மூன்று பிள்ளைகளும். நான் என்ன செய்ய?

ஒரு வருசம் இப்படியே ஓடியது. பிறகு மேலிடத்தில் ஒரு கெட்டிக்காரன் இருந்திருக்க வேண்டும். என் அடுத்த கொன்ட்ராக்டில் ஒரு வரி சேர்த்தார்கள். பெடியனுக்குச் சோதனை வைப்பார்கள், அவன் பாஸ் பண்ணாவிட்டால் எனக்குப் புதுப்பிப்பு இல்லை. பாஸ் பண்ணினால் ஒவ்வொரு படிக்கும் எனக்கு ஒரு தொகை. கொப்பி அடுத்த நாளே மேசைக்கு வந்தது. ஒளித்துவைத்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவன் படித்தான், என்னைவிட வேகமாக. 1997இல் என் கதிரையில் அவன் இருந்தான், நான் பிளேனில் இருந்தேன். விமான நிலையத்துக்கு அவன்தான் காரில் கொண்டுவந்து விட்டான்.

வெளியே இருந்து வரும் கெட்டிக்காரன் தானாகக் கற்றுத்தர மாட்டான், பிள்ளை. கெட்டவன் என்றபடியால் இல்லை. அவனுக்கும் எங்கேயோ ஒரு வாடகை வீடு இருக்கிறது. கற்றுத்தந்தால்தான் காசு என்று கடதாசியில் இருந்தால் தருவான்.

இதன் மறுபக்கத்தையும் பட்டிருக்கிறேன். திரும்பி வந்து சபையில் சேர்ந்த பிறகு, ஒரு தீவில் ஜெனரேற்றர் பழுது. வெளிநாட்டிலிருந்து இயந்திரக்காரன் வந்தான். 'நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ' என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். இரண்டு மணித்தியாலத்தில் இயந்திரம் ஓடியது. நாலாம் மாதம் அதே பழுது. ஆள் திரும்பி வரும் மட்டும் பதினொரு நாள் இருட்டு. அந்தத் தேத்தண்ணியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நாங்கள் குடிக்கப் போயிருக்கக் கூடாது.

உன் மனுவுக்கு வருவோம். திட்டம் முழுவதற்கும் 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரியம், 2,400 கிலோவாற்-மணி பற்றரி, 2,500 கிலோவாற் காத்திருப்பு டீசல் என்று கணக்கு. பூட்டுவதற்கு வருகிறவர்கள் சில மாதங்கள் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். நீ சண்டை பிடிக்கப் போவது அந்தச் சில மாதங்களுக்காக. இருபது வருசத்துக்கு மேலே ஓட்ட வேண்டிய வேலை ஆரிடம் போகிறது என்று உன் மூன்று பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. சோழகத்தில் உப்புக் காற்று அடித்துத் தகடுகள் வெள்ளையாகப் பூக்கும். அதை ஆர் கழுவுவது? செம்பு ரெர்மினல் பச்சை பிடிக்கும். வாடையில் மழையிருட்டு மூன்று நாள் நின்றால் பற்றரி இறங்கும், டீசல் தானாகத் தொடங்க வேண்டும், தொடங்காது. இரவு இரண்டு மணிக்கு இன்வேர்ட்டர் படுத்தால் பெங்களூரிலிருந்து ஆர் வருவது? அந்த நேரம் கடலில் படகே இல்லை. அங்கேதான் நீ இருக்க வேண்டும்.

ஆகவே மனுவில் இதைக் கேள். பூட்டும் முதல் நாளிலிருந்து, வருகிற ஒவ்வொரு தொழில்நுட்பக்காரனுக்கும் பக்கத்தில் தீவுப்பிள்ளை ஒன்று சம்பளத்தோடு இருக்க வேண்டும். கற்றுக்கொடுத்ததற்குச் சோதனை வைத்து, அந்தப் பிள்ளை பாஸ் பண்ணினால்தான் கொம்பனிக்குக் கடைசித் தவணைக் காசு போக வேண்டும். வரைபடங்களும் கைநூலும் தமிழில் பவர் ஹவுசில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கணினியின் கடவுச்சொல் சபையிடம் இருக்க வேண்டும், இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுது. உதிரிப்பாகம் தீவிலேயே பூட்டிவைக்கப்பட வேண்டும். ஓட்டுநர் பதவிகள் நிரந்தரமாக, முதலில் அந்தந்தத் தீவின் பிள்ளைகளுக்கு. இதை மறுப்பதற்குக் கொழும்பில் ஒருவரிடமும் வாய் இல்லை. 'காலடி வைக்க அனுமதியோம்' என்றால் அவர்களுக்குச் சுகம். இனவாதம், அரசியல் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

இந்தியாவோடு பேசப்படும் எட்கா பொருளாதார ஒப்பந்தத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். 2016இல் கொழும்பில் டாக்குத்தர்மார் சங்கமும் கணினித் துறைக்காரரும் எதிர்த்தார்கள், இப்போது திரும்பவும் பேச்சு நடக்கிறது. இவ்வளவு சின்ன நாடு, பக்கத்தில் நூற்று நாற்பது கோடிச் சனம், பயம் வரும்தான். அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணமாட்டேன். ஆனால் நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு நியமனம் வந்தால் எங்கள் பிள்ளைகளே எத்தனை பேர் சந்தோசமாகப் படகேறுகிறார்கள்? வந்த கிழமையே மாற்றத்துக்கு எழுதுவார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு உன் வகுப்பில் எத்தனை பேர் நாட்டில் நிற்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணு. கட்டாரில் அவர்களைப் பார்த்து ஆரோ ஒருவன் இப்போது உன் இரண்டாவது பந்தியை எழுதிக்கொண்டிருப்பான்.

இன்னொன்று. அந்த வரியை எழுதத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1930களில் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க மலையாளத்தாரை வெளியேற்றச் சொன்னார். 1939இல் அரசாங்கம் தன் திணைக்களங்களில் தினக்கூலிக்கு நின்ற இந்தியர்களை நிற்பாட்டியது. நேரு நேரில் வந்து பேசியும் நடக்கவில்லை. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம், மலையகச் சனம் ஒரே நாளில் நாடில்லாதவர்கள். எங்கள் யாழ்ப்பாணத் தலைவர்கள் எல்லோரும் அன்றைக்கு அந்தச் சனத்தோடு நின்றார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நின்றவர்களில் செல்வநாயகம் முக்கியமானவர். அவர் பிறந்தது மலாயாவில், ஈப்போவில் என்று உனக்குத் தெரியுமோ? அந்தப் பிறப்புத்தான் அவரை அப்படி நிற்க வைத்ததோ என்னவோ. எனக்கு அப்படி நினைக்கப் பிடிக்கும்.

அதிலிருந்து எட்டு வருசத்தில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசாங்க வேலையில் தமிழர் கூடிப்போனார்கள் என்ற கணக்கு எங்கள் பக்கம் திரும்பியது. நாங்கள் இந்த நாட்டின் பிரசைகள், வந்தேறிகள் இல்லை. கணக்குப் போட்டவர்கள் அதைப் பார்க்கவில்லை.

'எம்மவருக்கு ஒரு வேலைகூடத் தரப்படாது' என்ற வரியையும் எடுத்துவிடு. எத்தனை வேலை, ஆர் ஆருக்கு என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேள். தகவலறியும் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, படிவத்துக்குக் காசும் இல்லை. கையில் கடதாசி வந்தபிறகு எழுதலாம். ஊகத்தில் எழுதினால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுவாய்.

மனுவைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டாம் பந்தியை மட்டும் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் நான் மேலே சொன்னவற்றைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஐம்பத்தொரு பேரிடமும் திரும்பப் போய்ச் சொல்லி, அவர்கள் ஓம் என்றால்தான் மாற்ற வேண்டும். கைநாட்டு வைத்தவர்களுக்கு வாசித்துக் காட்டு, மறந்துவிடாதே. புதன்கிழமை முதல் படகில் குறிகட்டுவானுக்கு வந்து இஞ்சாலை வா. மாமி ஒடியல் கூழ் காய்ச்சுவதாகச் சொல்லுகிறாள். அந்த ஓமான் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். புள்ளிக்கோடும் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமா