சோடாவை நிறுப்பதா, கரண்டியால் அளப்பதா?

சாத்தூர்க் காராச்சேவு நமது விருதுநகர் வட்டாரத்தின் பெயரை வெளியூர்களுக்கும் கொண்டு சென்ற பதார்த்தமாகும். சேவு, பணியாரம், ஆப்பம், ரொட்டி முதலியவற்றை வீட்டுக்காகவோ விற்பனைக்காகவோ செய்யும் அங்கத்தினர்கள் நம்மிடையே உண்டு. மாவையும் எண்ணெயையும் நிறுத்து வாங்கும் நாம், ஆப்பச் சோடாவை மட்டும் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுகிறோம். சோடாவின் விலை அற்பமே. ஆயினும் அது மிகுந்துவிட்டால் மாவும் எண்ணெயும் விறகும் உழைப்பும் சேர்ந்து வீணாகின்றன. ஆதலால், சோடாவின் எடையைக் கரண்டிக் கணக்காக மாற்றும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

எடை வேறு, அளவு வேறு. நெசவாளர்களுக்கு இது புதிதன்று. 40-ஆம் நம்பர் நூலில் ஒரு சிட்டமும் 80-ஆம் நம்பர் நூலில் ஒரு சிட்டமும் 840 கெஜ நீளமே. ஆனால் 80-ஆம் நம்பர்ச் சிட்டத்தின் எடை மற்றதில் பாதிதான். ஒரு படி அரிசியும் ஒரு படி தவிடும் ஒரே எடையல்ல என்பதை விவசாயிகள் அறிவார்கள். பொடிகளும் அவ்வாறே. 5 மில்லி லிட்டர் கொள்ளும் தேக்கரண்டியில் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழக் கிடைக்கும் எடை வருமாறு:

ஆப்பச் சோடா – 4.6 முதல் 5 கிராம் வரை
பேக்கிங் பவுடர் – 4 முதல் 4.6 கிராம் வரை
உலர்ந்த ஈஸ்ட் – 3 கிராம்
உப்புத் தூள் – 6 கிராம்

ஒரே சோடாவுக்கும் எடை சற்று மாறுவானேன்? பொடியின் துகள்களுக்கிடையே காற்று இருக்கிறது. சலித்த சோடாவில் காற்று அதிகம்; அழுத்தி அள்ளியதில் குறைவு. குவித்து அள்ளினால் ஒரு கரண்டி ஒன்றரைக் கரண்டியாகவும் அதற்கு மேலும் ஆகிவிடும். ஆகவே அவரவர் கரண்டியை அவரவரே சோதித்துக் கொள்வது நலம். முறை இதுதான்:

1. கட்டிகளை உடைத்துச் சோடாவைச் சலிக்கவும்.
2. அழுத்தாமல் அள்ளி, கத்தி முதுகால் தலைதட்டவும்.
3. இவ்வாறு பத்துக் கரண்டி அளந்து, தராசில் ஒன்றாக நிறுக்கவும்.
4. வரும் எடையைப் பத்தால் வகுக்கவும்.

பத்துக் கரண்டி 48 கிராம் இருந்தால், ஒரு கரண்டி 4.8 கிராம். தேவையான கிராமை இந்த எண்ணால் வகுத்தால் கரண்டிக் கணக்கு வந்துவிடும். 12 கிராம் வேண்டுமானால் இரண்டரைக் கரண்டி. ஒரு கரண்டியை மட்டும் நிறுத்தால் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். பத்தை நிறுப்பது அதனால்தான்.

பழைய கைக்குறிப்புகளில் பலக் கணக்கு காணப்படும். 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் நம் நாட்டில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வழங்கிய ஒரு பலம் சுமார் 35 கிராம். மேற்கண்ட கரண்டியில் ஏழேகால். படி, ஆழாக்கு ஆகியவையோ ஊருக்கு ஊர் மாறியவை. அவற்றை அப்படியே நம்பலாகாது.

அளவு தவறினால் நேர்வது என்ன? 84 கிராம் சோடா, தயிர் அல்லது புளித்த மாவின் புளிப்போடு முழுவதும் சேர்ந்தால் 44 கிராம் கரியமில வாயு உண்டாகும். பண்டத்தை உப்பச் செய்வது இவ்வாயுவே. புளிப்பில்லாமல் சூடு மட்டும் பட்டால் வாயு 22 கிராம்தான். 53 கிராம் சலவைச் சோடா பண்டத்திலேயே தங்கிவிடும். சாயப் பட்டறையில் நாம் காணும் அதே சரக்குதான் அது! சோடா மிகுந்த பண்டம் சவர்க்காரச் சுவையடித்துச் சிவந்து போவதற்குக் காரணம் இதுவே. மேலும், ஒரு தேக்கரண்டிச் சோடாவில் சுமார் 1.3 கிராம் சோடியம் உண்டு. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவாகவே சோடியம் சேர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமுள்ளோர் இதை மறக்கலாகாது.

பேக்கிங் பவுடரைச் சோடாவுக்குப் பதிலாக அதே கரண்டிக் கணக்கில் போடுவதும் தவறு. அதில் சோடா ஒரு பங்குதான். எஞ்சியது புளிப்புப் பொடியும் மாவும். கரண்டி எடை ஏறத்தாழ ஒன்றாயிருப்பினும், சோடாவின் வலிமை சுமார் மூன்று மடங்கு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சாயத் தொழிலுக்கான சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் பார்வைக்கு வெண்மையே. இவற்றைச் சமையல் சோடாவுடன் ஒரே அலமாரியில் வைக்கலாகாது. ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டுக. சிவகாசிப் பக்கத்து அங்கத்தினர்கள், தீப்பெட்டி மருந்தும் பட்டாசு மருந்தும் புழங்கிய தராசையோ கரண்டியையோ டப்பாவையோ கழுவிவிட்டேனும் சமையலுக்கு எடுக்கவே கூடாது. சோடாவுக்கெனத் தனிக் கரண்டி ஒன்றை ஒதுக்கி, அதன் எடையை டப்பாவின் மேல் குறித்து வைப்போமாக.

பயிற்சி: ஒருவரின் கரண்டியில் பத்து அளவு 46 கிராம் இருக்கிறது. அவருக்கு 23 கிராம் சோடா வேண்டும். எத்தனை கரண்டி? (விடை: 5)