டிப்பைப் பார்த்துவிட்டுக் கையைக் குறை சொல்லுங்கள்

சென்னையில் ஓர் எட்டுப் பந்து பூல் போட்டி. முதலில் ஐந்து கேம் எடுப்பவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். நாலுக்கு நாலு என்று நின்றது. கடைசி கேமில் என் ஏழு பந்துகளில் ஐந்தை உள்ளே தள்ளிவிட்டேன். ஆறாவது, நடு பாக்கெட்டின் வாயிலேயே நின்றது. குனிந்து அடித்தேன். வழக்கமாக வரும் 'டக்' வரவில்லை. 'சளக்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பந்து கோணலாக ஓடியது. என் ஸ்டிக்கின் டிப் கழன்று பச்சைத் துணிமேல் கிடந்தது.

மிச்சத்தை இரவல் ஸ்டிக்கில் ஆடித் தோற்றேன். விழுப்புரம் வந்து, காணை வழியாகக் கெடாருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். ஒரு வாரமாகவே அந்தச் சத்தம் மாறியிருந்தது. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு டிப் தூக்கிக்கொண்டும் இருந்தது. கவனித்திருந்தால் முந்தின வாரமே மாற்றியிருக்கலாம்.

டிப் என்பது ஒரு துண்டுத் தோல். பூல் ஸ்டிக்கில் 12, 13 மில்லிமீட்டர் அகலம். ஸ்னூக்கர் ஸ்டிக்கில் 9, 10தான். அது வெள்ளைப் பந்தைத் தொடுவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரம். நீங்கள் நினைத்த சுழற்சி, வேகம், திசை எல்லாம் அந்த நேரத்துக்குள் அந்தத் தோல் வழியாகத்தான் பந்துக்குப் போகவேண்டும். அதனால் டிப் மாற்றும் வேலையை இப்போது வேறு யாரிடமும் விடுவதில்லை. பழைய டிப்பை பிளேடால் சீவி எடுப்பேன். அதன் கீழே இருக்கும் பூண், அதாவது ஃபெரூல், துளிப் பசையும் இல்லாமல் தட்டையாகும்வரை உப்புத்தாளில் தேய்ப்பேன். பழைய பசை மேடுபோல் ஓரிடத்தில் நின்றால் புது டிப்பும் ஒரு பக்கம் தூக்கும். என் டிப் கழன்றதும் அதனால்தான். புது டிப்பின் அடிப்பக்கத்தையும் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்து அழுத்திப் பிடிப்பேன். நிமிஷத்தில் ஒட்டிவிடும், ஆனாலும் ஓர் இரவு விட்டுவிடுவேன். காலையில் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பலகைமேல் நிறுத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோலைச் சுற்றிலும் செதுக்குவேன்.

கடைசியாக மேல் வளைவு. இதற்கு அளவுகோல் நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2011இல் அறிமுகமான வகை ஒரு ரூபாய்க் காசின் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். அதன் விளிம்பை டிப்போடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு வளைவும் ஒன்றாகப் பொருந்தினால் போதும். தட்டையான டிப்பில் வெள்ளையின் ஓரத்தில் அடித்தால் வழுக்கிவிடும். ஒன்று மறக்கக்கூடாது: புது டிப் இரண்டு மூன்று நாள் ஆட்டத்தில்தான் இறுகி நிலைக்கு வரும். போட்டிக்கு முந்தின நாள் மாற்றவே மாற்றாதீர்கள்.

நீலச் சாக்கட்டியைப் பலர் டிப்பின் மேல் வைத்துத் திருகி, கட்டியில் துளை போடுகிறார்கள். தூரிகையால் வண்ணம் தீட்டுவதுபோல் பக்கவாட்டில் தடவினால் போதும், ஒவ்வோர் அடிக்கும் முன்னால்.

மரத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் விழுப்புரம் மாவட்டம் மிதந்தது. மயிலத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. என் ஸ்டிக் உறை இல்லாமல், ஓதம் ஏறிய சுவரில் சாய்ந்தபடி ஒரு வாரம் இருந்துவிட்டது. பிறகு மேசைமேல் உருட்டிப் பார்த்தால் நடுப்பகுதி எழும்பி எழும்பி விழுகிறது. ஊர் ஆசாரியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒற்றைக் கண்ணை மூடி நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். "மரம் வெட்டுன பிறகும் தண்ணி குடிக்கும் தம்பி. சாய்ச்சு வெச்சா சாய்ஞ்ச மாதிரியே நின்னுக்கும்" என்றார். நிமிர்த்த முடியாது என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஸ்டிக்கைக் கழற்றி, உறையில் போட்டு, படுக்கைவாட்டில் பீரோவுக்குள் வைக்கிறேன். வெயிலில் நிற்கும் கார், பைக் பக்கம் விடுவதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் வியர்வையையும் நீல மாவையும் துடைத்துவிடுவேன். வழவழப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் மெலியும். போன மரம் திரும்ப வராது. கை வியர்த்தால் பவுடரைக் கொட்டாதீர்கள். கையைக் கழுவுங்கள், அல்லது விரல் உறை போடுங்கள். பவுடர் மேசைத் துணியில் இறங்கினால் எல்லோருடைய ஆட்டமும் கெடும்.

ஈரம் மேசையையும் விடாது. மழைக்காலத்தில் ஏசி இல்லாத ஹாலில் துணி கனத்துவிடும், பந்து சீக்கிரம் நின்றுவிடும். அதில் பழகிய கை, சென்னையில் உலர்ந்த ஏசி ஹாலுக்குப் போனதும் வெள்ளையை ஓர் அடி தூரம் கூடுதலாக ஓட்டிவிடும். நான் இப்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், பயிற்சிக்கு மேசை கிடைத்தால் பந்து எதையும் பாக்கெட்டில் போடாமல், வெள்ளையை மட்டும் மேசையின் நீளத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பேன். யார் பிரேக் அடிப்பது என்று முடிவு செய்யும் முதல் அடியும் அதேதான். பத்து முறை அனுப்பினால் அந்தத் துணியின் வேகம் கைக்கு வந்துவிடும்.

நம் பக்கத்துப் பையன்கள் போட்டியில் தோற்பதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. விதி தெரியாமல்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். பிரேக்கில் எந்தப் பந்து விழுந்ததோ அதுவே தன் வகை (முழு நிறமா, கோடா) என்று நாம் ஆடுகிறோம். சர்வதேச விதிப்படி பிரேக்குக்குப் பிறகும் மேசை பொதுதான்; எந்த வகையையும் எடுக்கலாம். பிரேக்கில் கறுப்பு விழுந்தால் நம் ஊரில் ஆட்டம் முடிந்தது, அங்கே முடியாது. பிரேக் முடிந்த பிறகு ஆட்டத்தில் வெள்ளை உள்ளே போனால் நாம் கோட்டுக்குப் பின்னால் வைக்கிறோம். அங்கே எதிராளி மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து அடிப்பார். சரியான பந்தைத் தொட்ட பிறகும், ஏதாவது ஒரு பந்து பாக்கெட்டில் விழவேண்டும் அல்லது குஷனைத் தொடவேண்டும். இல்லையென்றால் ஃபவுல். நெருங்கிய ஆட்டத்தில் ஒரே ஒரு ஃபவுல் போதும். ஸ்னூக்கரிலும் ஆட்டம் அவ்வளவு நெருக்கமாக முடியும்: 2017இல் சிங்கப்பூரில் நடந்த பெண்கள் உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டியில் நம் இந்திய வீராங்கனை வித்யா பிள்ளை தோற்றது 5-6 என்ற கணக்கில், கடைசி ஃப்ரேமில்தான்.

விதியைச் சுவரில் மாட்டுவது புதிதல்ல. ஸ்னூக்கர் பிறந்தது 1875இல் ஜபல்பூரில் என்பார்கள். அதன் விதிகள் எழுத்தில் உருப்பெற்றது நம் ஊட்டி கிளப்பில். எழுதி பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டினார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பூல் ஹால் நடத்துகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது அதைத்தான். எட்டுப் பந்து விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு துண்டு உப்புத்தாளும், டிப்புக்கு அளவு பார்க்க ஒரு ரூபாய்க் காசும் வையுங்கள்.