பூட்டப்பட்ட பழைய அலுவலக மடிக்கணினி: மீண்டும் பயன்படுத்துவது எவ்வாறு?

வேலையிலிருந்து விலகும்போது நிறுவனம் கொடுத்துவிட்ட மடிக்கணினியையோ, மலிவாகக் கிடைத்த பழைய அலுவலக மடிக்கணினியையோ பிள்ளைகளின் படிப்புக்கென வைத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. அது கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொண்டால், பழுதுபார்க்கும் கடைக்குப் பணம் கொடுக்குமுன் இரண்டு விடயங்களை அறிந்துகொள்ளுங்கள்: பூட்டு எவ்வகையானது? அதைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

1. முதலில் உரிமை

கணினி உங்கள் கைவசம் இருப்பது மட்டும் அது உங்களுடையது என்பதற்குச் சான்றாகாது. நிறுவனம் விட்டுக்கொடுக்கும்வரை அது நிறுவனத்தின் சொத்தே. "வைத்துக்கொள்ளுங்கள்" என்று மேலாளர் வாய்மொழியாகக் கூறியிருந்தால், அதனை மின்னஞ்சலில் உறுதிப்படுத்துமாறு கேளுங்கள். வாய்ச்சொல்லைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

உங்களுக்கு அனுமதியில்லை என்று அறிந்தும் கணினியிலுள்ள தகவல்களை அணுக முற்படுவது, ஐக்கிய இராச்சியத்தில் 1990ஆம் ஆண்டின் கணினித் துஷ்பிரயோகச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆகவே, பழைய அலுவலகக் கோப்புகளைத் திறந்து பார்க்க முயல வேண்டாம். அவற்றில் பிறருடைய தனிப்பட்ட விபரங்கள் இருக்கக்கூடும்.

2. பூட்டின் வகைகள்

அ) விண்டோஸ் கடவுச்சொல்: பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் வழமையான திரை. விண்டோஸை முழுமையாக மீள நிறுவினால் இது நீங்கிவிடும்.

ஆ) பிட்லாக்கர்: வட்டிலுள்ள தகவல்களை மறைகுறியாக்கும் பூட்டு. 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோல் இன்றி அத்தகவல்களை மீட்க இயலாது. ஆயினும், வட்டை அழித்துவிட்டுக் கணினியைப் புதிதாகப் பயன்படுத்தலாம்.

இ) பயோஸ் கடவுச்சொல்: கணினியை இயக்கியவுடன், விண்டோஸ் தொடங்குமுன்னரே கேட்கப்படுவது. மின்கலத்தைக் கழற்றினால் இது நீங்கிவிடும் என்பது அண்மைக்கால அலுவலகக் கணினிகள் பலவற்றுக்குப் பொருந்தாது. நிறுவனத்திடமே கடவுச்சொல்லைக் கேளுங்கள்.

ஈ) நிறுவனப் பதிவு: பலரும் ஏமாறுவது இதிலேயே. கணினியின் அடையாளம் நிறுவனத்தின் பெயரில் இணையத்தில் பதிவாகியிருக்கும். வட்டை அழித்தாலும், புதிய வட்டைப் பொருத்தினாலும், இணையத்துடன் இணைத்து அமைக்கும்போது நிறுவனத்தின் பெயர் மீண்டும் தோன்றி, அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும். விண்டோஸில் இது ஆட்டோபைலட் எனப்படும். மக்புக்கில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற திரை தோன்றும். குரோம்புக்கிலும் இத்தகைய பதிவு உண்டு. இப்பதிவை முறையாக நீக்கவல்லவர் அந்நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப நிர்வாகியே. இணையமின்றி அமைத்துக் கடைக்காரர் திறந்து கொடுத்தாலும், அடுத்த முறை மீட்டமைக்கும்போது பூட்டு திரும்பிவிடும்.

3. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

கணினியின் அடிப்புறத்திலுள்ள தொடர் இலக்கத்தைக் குறிப்பிட்டு, பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

• இக்கணினியின் உரிமை எனக்கு மாற்றப்பட்டுள்ளது என்ற உறுதிப்பாடு
• நிறுவனத் தகவல்களை அழித்தல், அல்லது நான் அழிப்பதற்கான அனுமதி
• பயோஸ் கடவுச்சொல்லை அகற்றுதல்
• ஆட்டோபைலட் போன்ற நிறுவனப் பதிவிலிருந்து நீக்குதல்

வேலையின் கடைசி நாளுக்கு முன்னரே இவற்றைக் கேட்பது சிறந்தது. விலகிய பின்னர் பதிலளிக்க வேண்டியவர் யார் என்று தேடுவதே பெரும் வேலையாகிவிடும்.

4. விடுவிக்கப்பட்ட பின்னர்

குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள யுஎஸ்பி நினைவகத்தில், மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவற்கோப்பைக் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். நிறுவும்போது வட்டிலுள்ளவை யாவும் அழியும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14 ஒக்டோபர் 2025 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு ஆகியன தேவை. இவை இல்லாத கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். இணையப் பாவனைக்கும், கட்டுரை எழுதுவதற்கும், காணொளி அழைப்புக்கும் அது போதுமானது.

5. பழைய கணினியை வாங்குவோருக்கு

விற்பவரின் முன்னிலையிலேயே கணினியை மீட்டமைத்து, இணையத்துடன் இணைத்துப் பாருங்கள். நிறுவனம் ஒன்றின் பெயர் தோன்றினால் வாங்காதீர்கள்.

பூட்டு இருப்பதை அறிவிக்காமல் வியாபாரி ஒருவர் விற்றிருந்தால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்கீழ், 30 நாட்களுக்குள் பொருளை நிராகரித்து முழுப்பணத்தையும் திருப்பிக் கோரலாம். தனிநபரிடம் வாங்கியோருக்கு இந்த 30 நாள் உரிமை இல்லை. எனினும், பொருள் விற்பவரின் விபரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். ஆகவே, பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் பாதுகாத்து வையுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் இலவச ஆலோசனை பெறலாம்.

6. விடுவிக்க இயலாதெனில்

நிறுவனத்தின் கணினியாயின் நிறுவனத்திடமே ஒப்படைத்து, ஒப்படைத்தமைக்கான எழுத்துமூலப் பற்றுச்சீட்டைப் பெறுங்கள். உங்களுக்கே உரிய, ஆனால் பயன்படாத கணினியை மீள்சுழற்சி நிலையத்தின் மின்சாதனப் பகுதியில் சேர்க்கவும். லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பற்றக்கூடும் என்பதால், வீட்டுக் குப்பைத்தொட்டியில் இடவேண்டாம்.

இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. தனிப்பட்ட சட்ட ஆலோசனை ஆகாது.